புது டீசல் கார் வாங்கலாமா? லிட்டர் விலையைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கு!

கார் ஷோரூமுக்குள் நுழைந்து "டீசல்ல இருக்கா?" என்று கேட்டால், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு விற்பனையாளர் அடுத்த நிமிடம் கலர் கார்டை எடுத்து நீட்டுவார். இன்றைக்கு அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறார். "மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க சார்?"

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்தால் போதும். டீசல் கார் வாங்கலாமா, வேண்டாமா என்ற குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் பெரும்பாலானவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய், லிட்டர் என்ன விலை, மைலேஜ் எவ்வளவு என்றுதான் பார்க்கிறார்கள்.

டீசல் பக்கம் மறுபடி கண் திரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. 2025ல் நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்ததும், "என் வண்டி மைலேஜ் குறைஞ்சிடுச்சு" என்ற புகார் சமூக வலைதளங்களில் கொட்டியது. இ10க்காக வடிவமைத்து இ20க்கு ஏற்ப மாற்றப்பட்ட கார்களில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. டீசலில் அப்படி எத்தனால் கலப்பது இல்லை. "அப்போ டீசலே வாங்கிடலாமே" என்ற எண்ணம் வருவது இயல்புதான். சரி, இந்தக் கணக்கு உண்மையில் தேறுமா?

ஒரு காலத்தில் டீசல் ராஜாவாக இருந்தது ஏன்?

2012 மே மாதம். டெல்லியில் பெட்ரோல் ஒரு லிட்டர் 73 ரூபாய் 18 காசு. அதே பங்கில் டீசல் 40 ரூபாய் 91 காசு. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010ல் மத்திய அரசு நீக்கிவிட்டது. லாரி, பஸ், விவசாயி என்று காரணம் சொல்லி டீசலுக்கு மட்டும் மானியம் தொடர்ந்தது. அந்த மானியத்தில் லாரிக்காரரைவிட சந்தோஷப்பட்டது கார் வாங்கிய நடுத்தர வர்க்கம்தான் என்று சொன்னால் தப்பில்லை. அந்தக் காலகட்டத்தில் இந்தியாவில் விற்ற பயணிகள் வாகனங்களில் பாதிக்கு மேல் டீசல்.

ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புண்டோ என்று வேறு வேறு கம்பெனி கார்களில் ஓடியது ஒரே 1.3 லிட்டர் ஃபியட் மல்டிஜெட் டீசல் எஞ்சின். "இந்தியாவின் தேசிய எஞ்சின்" என்று கார் பிரியர்கள் கிண்டலாகவும் பாசமாகவும் சொன்னது அதைத்தான்.

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் போனது. இடைவெளி மளமளவென்று சுருங்கியது. 2025ல் சென்னையில் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டியும், டீசல் 92 ரூபாய்க்குச் சற்று மேலேயும் விற்றது. 32 ரூபாய் வித்தியாசம் 8 ரூபாய் ஆகிவிட்டது. டீசல் வாங்கச் சொல்லி அப்பா, மாமா, சித்தப்பா கொடுக்கும் அறிவுரை எல்லாம் அந்த 32 ரூபாய் காலத்து அறிவுரை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

2020ல் என்ன நடந்தது?

விலை இடைவெளி போனது முதல் அடி என்றால், இரண்டாவது அடி 2020 ஏப்ரல் 1ஆம் தேதி விழுந்தது. அன்றுதான் பிஎஸ் 4ல் இருந்து பிஎஸ் 5ஐத் தாண்டி நேராக பிஎஸ் 6க்கு இந்தியா குதித்தது. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என்று அனுமதிக்கப்பட்ட நைட்ரஜன் ஆக்சைடு 250 மில்லிகிராமில் இருந்து 80 ஆகக் குறைந்தது. கரித்துகள் 25 மில்லிகிராமில் இருந்து 4.5 ஆனது. பெட்ரோல் எஞ்சினுக்கு இது சின்ன மாற்றம். டீசலுக்கோ, புகைக்குழாயில் ஒரு குட்டி ரசாயனத் தொழிற்சாலையையே பொருத்தினால்தான் முடியும் என்ற நிலை.

செலவு கட்டுப்படியாகாது என்று 2019 ஏப்ரலிலேயே மாருதி அறிவித்துவிட்டது. மறு வருஷம் அதன் டீசல் கார்கள் நின்றன. ரெனோ, நிசான், ஃபோக்ஸ்வேகன் என்று வரிசையாக டீசலைக் கைவிட்டன. நம்ம ஒரகடத்தில் தயாரான டஸ்டர் டீசல் அப்போது போனதுதான். 2023 ஏப்ரலில் ஆய்வகத்தில் மட்டுமல்லாமல் சாலையில் ஓட்டியும் புகையை அளக்கும் இரண்டாம் கட்ட விதி வந்தபோது ஹோண்டாவும் விலகியது.

மிஞ்சியது யார்? மஹிந்திரா, டாடா, ஹூண்டாய், கியா, டொயோட்டா ஆகியவைதான் பெரிய பெயர்கள். சின்ன ஹேட்ச்பேக்கில் டீசல் வேண்டும் என்றால் டாடா ஆல்ட்ராஸ் மட்டுமே. மற்றதெல்லாம் எஸ்யூவி அல்லது ஏழு பேர் உட்காரும் வண்டி. இன்று விற்கும் பயணிகள் வாகனங்களில் டீசலின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே. ஆனாலும் பெரிய வண்டிகளில் டீசலுக்கு இன்னும் ஆள் இருக்கிறது. 1991ல் வந்த டாடா சியராவின் பெயரை 2025 நவம்பரில் மறுபடி கொண்டுவந்தபோது, டாடா அதில் டீசல் எஞ்சினையும் சேர்த்தே கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் 10 லட்சம் என்ற கோடு

ஒரே மாடலில் பெட்ரோலைவிட டீசல் வண்டி ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கூடுதலாக இருக்கும். இது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கூடுதல் விலை சாலை வரியை எப்படி இழுத்துவிடும் என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாற்றிய வாழ்நாள் வரி விகிதப்படி, 5 லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம். 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். 13க்கும் 18க்கும் நடுவே ஒரு பெரிய படி இருப்பதைப் பாருங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கார், பெட்ரோலில் 9 லட்சத்து 50 ஆயிரம், டீசலில் 10 லட்சத்து 80 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு வரி 1,23,500 ரூபாய். டீசலுக்கு 1,94,400 ரூபாய். வண்டி விலையில் 1,30,000 வித்தியாசம், வரியில் 70,900 வித்தியாசம். ஆக, சாவி கைக்கு வருவதற்கு முன்பே 2 லட்சத்துக்கு மேல் கூடுதல். லோன் போட்டால் அதற்கான வட்டி தனி.

இந்த 2 லட்சத்தைத் திருப்பி எடுக்க எவ்வளவு ஓட்ட வேண்டும்? பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கி.மீ., டீசல் வண்டி 20 கி.மீ. கொடுக்கிறது என்று எடுத்துக்கொண்டால், பெட்ரோலுக்கு கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 70 காசு, டீசலுக்கு 4 ரூபாய் 60 காசு. மிச்சம் ஏறக்குறைய 2 ரூபாய் 10 காசு. கூட்டிக் கழித்தால் சுமார் 95 ஆயிரம் கி.மீ. ஓட்டினால்தான் போட்ட கூடுதல் பணம் திரும்ப வரும். மாசம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு அது 8 வருஷம். மாசம் 2,500 கி.மீ. ஓட்டுபவருக்கு மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்.

இரண்டுமே 10 லட்சத்துக்கு மேலே உள்ள வண்டி என்றால் கணக்கு கொஞ்சம் இறங்கிவரும். 12 லட்சம் பெட்ரோல், 13 லட்சத்து 30 ஆயிரம் டீசல் என்றால், வரியோடு சேர்த்து வித்தியாசம் 1,53,400தான். சுமார் 73 ஆயிரம் கி.மீ.யில் சமமாகிவிடும். ஆக, 10 லட்சம் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் டீசலும் பெட்ரோலும் பிரிந்து நிற்கும் மாடலில்தான் டீசல் அதிகம் கடிக்கும். ஷோரூமில் ஆன்ரோடு விலையை மட்டும் கேட்காமல், வரியைத் தனியாக எழுதித் தரச் சொன்னால் இது பளிச்சென்று தெரியும்.

இதில் டீசலுக்குச் சாதகமான விஷயமும் ஒன்று இருக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் அமலான புதிய ஜிஎஸ்டியில், 4 மீட்டர் நீளத்துக்குள் இருக்கும் சின்ன கார்களுக்கு 18 சதவீதம் வரி. இந்தச் சலுகைக்கு பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள் இருக்க வேண்டும். டீசலுக்கோ 1,500 சிசி வரை அனுமதி. முன்பு இதே சின்ன டீசல் காருக்கு செஸ்ஸோடு சேர்த்து 31 சதவீதம் கட்டினோம். 4 மீட்டரைத் தாண்டிய வண்டிகளுக்கு 45 முதல் 50 சதவீதம் வரை இருந்தது 40 ஆகியிருக்கிறது. ஜிஎஸ்டி குறைந்து, 10 லட்சம் கோட்டுக்குக் கீழே இறங்கிவந்த டீசல் வேரியன்ட் கிடைத்தால் இரட்டை லாபம்.

ஆறு பேர், அரிசி மூட்டை, கொல்லிமலை

பணக் கணக்கு மட்டும்தானா? இல்லை. டீசல் வாங்குபவர் பலரும் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக வாங்குகிறார். ஐரோப்பாவில் அந்த வேலைக்கு 'எஸ்டேட்' என்று ஒரு தனி கார் வகையே உண்டு. செடான் போலத் தாழ்வாக ஓடும். ஆனால் கூரை பின்பக்கம் வரை நீண்டு, டிக்கி ஒரு சின்ன அறை மாதிரி இருக்கும். அதில் டீசல் எஞ்சின் போட்டு, குடும்பத்தையும் சாமானையும் ஏற்றி நாடு விட்டு நாடு ஓட்டுவார்கள்.

இந்தியாவிலும் முயற்சி நடந்தது. 1992ல் டாடா எஸ்டேட், பிறகு மாருதி பலேனோ ஆல்ட்டுரா, டாடா இண்டிகோ மெரினா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி என்று வந்தன. எதுவும் நிலைக்கவில்லை. "பின்னாடி ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கு" என்ற ஒரு வரியிலேயே நம்ம ஆட்கள் கதையை முடித்துவிட்டார்கள். அந்த வேலையை 2000ல் வந்த குவாலிஸும், 2005ல் அதன் இடத்துக்கு வந்த இன்னோவாவும் எடுத்துக்கொண்டன. இன்று கேரன்ஸ், ஸ்கார்ப்பியோ, எக்ஸ்யூவி 700 என்று பட்டியல் நீள்கிறது.

சென்னையில் இருந்து திருநெல்வேலி 600 கி.மீ.க்கு மேல். பொங்கலுக்குப் போகும்போது ஆறு பேர், திரும்பும்போது ஆறு பேரோடு அரிசி மூட்டை, தேங்காய், முறுக்கு டப்பா. குலதெய்வம் கோவில் கொல்லிமலைப் பக்கம் என்றால் 70 கொண்டை ஊசி வளைவு வேறு. இங்கேதான் டீசலின் குணம் தெரியும். ஹூண்டாய் கிரெட்டாவை எடுத்துக்கொண்டால், டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோலுக்கும் 1.5 டீசலுக்கும் குதிரைத்திறன் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் இழுவிசை பெட்ரோலில் 144 நியூட்டன் மீட்டர், டீசலில் 250. அதுவும் டீசல் அந்த முழு இழுவிசையை 1,500 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடும். பெட்ரோல் 4,500 வரை கத்த வேண்டும். முழு லோடில் மலை ஏறும்போது இரண்டாவது கியரில் அலறாமல் ஏறுவதன் ரகசியம் இதுதான்.

வேறு வழிகள் இல்லையா என்றால், இருக்கு. சிஎன்ஜி மலிவு. ஆனால் பெரும்பாலான வண்டிகளில் சிலிண்டர் டிக்கி இடத்தைத் தின்னும். சாமான் ஏற்றத்தான் வண்டி என்பவருக்கு அது உதவாது. ஹைபிரிட் நல்ல தேர்வு. இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட்டுக்கு லிட்டருக்கு 23.24 கி.மீ. என்று சோதனைச் சான்றே இருக்கிறது. டவுனுக்குள் டீசலைவிட அதுதான் நன்றாக மைலேஜ் கொடுக்கும். விலையைப் பார்த்ததும்தான் பலர் பின்வாங்குகிறார்கள். டர்போ பெட்ரோல் ஓட்ட ஜாலியாக இருக்கும், பங்கில் பில் வரும்போது ஜாலி குறையும்.

மஞ்சள் விளக்கு எரிந்தால் பயப்படணுமா?

புது டீசல் கார் வாங்கியவர்கள் முதல் வருஷத்தில் அதிகம் குழம்புவது இதில்தான். டாஷ்போர்டில் சின்னப் பெட்டிக்குள் புள்ளி புள்ளியாக ஒரு மஞ்சள் விளக்கு. அதுதான் டிபிஎஃப் விளக்கு. டீசல் கரித்துகள் வடிகட்டி என்று சொல்லலாம்.

பழைய டீசல் வண்டி ஆக்சிலேட்டரை மிதித்தால் கரும்புகை கக்கும் இல்லையா? அந்தக் கரியை வெளியே விடாமல், தேன்கூடு போன்ற செராமிக் வடிகட்டியில் பிடித்து வைப்பதுதான் டிபிஎஃப். பிடித்த கரியை என்ன செய்வது? அங்கேயே எரித்துவிட வேண்டும். அதற்கு 600 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும். ஹைவேயில் போகும்போது புகைக்குழாய் நல்ல சூடாக இருப்பதால் கொஞ்சம் கரி தானாகவே எரிந்துகொண்டே வரும். அது போதாதபோது, எஞ்சின் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சி, வேண்டுமென்றே வெப்பத்தை ஏற்றி எரிக்கும். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். பொதுவாக 10 முதல் 20 நிமிடம் ஆகும். நிற்காமல் ஒரே சீராக ஓடினால்தான் ஒழுங்காக முடியும்.

இப்போது வேளச்சேரியில் வீடு, தரமணியில் ஆபீஸ் என்று இருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். வழியில் பிள்ளையை ஸ்கூலில் விடுகிறார். மொத்தமே நாலைந்து கி.மீ. எஞ்சின் சூடாவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். கரி சேரும், எரியாது. வண்டி ரீஜெனரேஷனை ஆரம்பிக்கும், இவர் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார். மறுநாளும் அப்படியே. கொஞ்ச நாளில் மஞ்சள் விளக்கு. அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் பிக்கப் குறையும், வண்டி தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். பிறகு சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டி எரிக்க வேண்டும். அதிலும் முடியவில்லை என்றால் வடிகட்டியையே மாற்றணும். மாடலைப் பொறுத்து அந்தப் பில் லட்ச ரூபாயைத் தொடலாம்.

இதில் கூட்டாகச் சேரும் இன்னொரு தொல்லையும் உண்டு. பாதியில் நிற்கும் ரீஜெனரேஷனின்போது எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். அதனால் ஆயில் அளவு கூடும்! குச்சியை எடுத்துப் பார்த்து "ஆயில் குறையவே இல்லை, சூப்பர் வண்டி" என்று சந்தோஷப்படுபவர்கள் இருக்கிறார்கள். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஏறியிருந்தால் அது நல்ல செய்தி இல்லை. நீர்த்துப்போன ஆயில் டர்போவையும் பேரிங்கையும் தேய்த்துவிடும். உடனே மாற்ற வேண்டும்.

விளக்கு எரிந்ததும் என்ன செய்வது? பெரும்பாலான உரிமையாளர் கையேட்டில் எழுதியிருப்பது ஒன்றுதான். போக்குவரத்து இல்லாத நல்ல சாலையில், 60 கி.மீ.க்கு மேல் வேகத்தில், ஒரு கியர் குறைத்து 20 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். சென்னைக்காரருக்கு ஈசிஆர், வண்டலூர் தாண்டி ஜிஎஸ்டி சாலை. கோவைக்காரருக்கு அவினாசி சாலையில் நீலாம்பூர் பைபாஸ். விளக்கு அணைந்துவிடும். மஞ்சள் சிவப்பாக மாறினால் ஓட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம், நேரே சர்வீஸ்தான். வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் வேகமாகச் சுற்றுவதும், லேசாகக் கருகிய வாடை வருவதும், ஐடிலிங் கொஞ்சம் ஏறியிருப்பதும் ரீஜெனரேஷன் நடந்துகொண்டிருந்ததற்கான அறிகுறி. கோளாறு இல்லை.

"டிபிஎஃப்பைக் கழட்டிட்டா பிரச்னையே இல்லைங்க" என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. கழற்றினால் வண்டி ஓடும்தான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவதை அனுமதிக்கவில்லை. வாரண்டியும் அத்தோடு போச்சு. நீங்கள் கழற்றிவிட்ட கரி போய்ச் சேருவது பின்னால் வரும் ஸ்கூட்டர்காரரின் நுரையீரலில்.

நீல மூடிக்குள் ஊற்றுவது என்ன?

டீசல் ஊற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே பல புது வண்டிகளில் நீல நிற மூடி ஒன்று இருக்கும். அது டிஇஎஃப் என்ற திரவத்துக்கு. ஆட்ப்ளூ என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். 32.5 சதவீதம் தூய யூரியா, மிச்சம் தாது நீக்கிய தண்ணீர். புகையில் இதைத் தெளித்து, நைட்ரஜன் ஆக்சைடைக் காற்றில் இயல்பாக இருக்கும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறார்கள்.

தோராயமாக 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் செலவாகும். பெட்ரோல் பங்கிலேயே கேனில் கிடைக்கும், செலவு பெரிதில்லை. தீர்ந்தால்தான் தலைவலி. ஓடிக்கொண்டிருக்கும்போது நிற்காது. ஆனால் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் வண்டி கிளம்பாது. அந்த நிலை வருவதற்கு ரொம்ப முன்பே எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும் என்பதால், ஊருக்குக் கிளம்பும் முன்பு ஒரு பார்வை பார்த்தால் போதும்.

நம்ம வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தத் திரவத்தை 25 டிகிரிக்குள் வைத்தால் ஒன்றரை வருஷம் கெடாது. 30 டிகிரியில் ஒரு வருஷம். 35 டிகிரி என்றால் ஆறே மாதம். "எமர்ஜென்சிக்கு இருக்கட்டும்" என்று ஒரு கேனை வாங்கி டிக்கியில் போட்டு, வேலூர் மே மாத வெயிலில் நிறுத்துபவர்கள் யோசிக்கவும். உர யூரியாவைக் கரைத்து ஊற்றும் யோசனை சொல்பவரிடம் இருந்து ஓடிவிடவும். நீல மூடிக்குள் டீசலோ, டீசல் டேங்கில் டிஇஎஃப்போ தப்பித் தவறி விழுந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. சாவியைக்கூடத் திருப்பாமல் டோயிங் வண்டியைக் கூப்பிட வேண்டும்.

டீசலைத் தடை செய்துவிடுவார்களா?

வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு இரண்டு தடவை சுற்றும் செய்தி இது. எது உத்தரவு, எது பேச்சு என்று பிரித்துப் பார்த்தால் பயம் கொஞ்சம் குறையும்.

உத்தரவு டெல்லிக்கானது. 10 வருஷத்தைத் தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லியிலும் சுற்றியுள்ள தலைநகர் மண்டலத்திலும் ஓடக்கூடாது என்று 2015ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பங்கில் எரிபொருளே கிடையாது என்று டெல்லியில் ஆரம்பித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாக வைத்து உரிமையாளர்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பிஎஸ் 4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஆக, வாதம் இப்போது வயதிலிருந்து புகையின் அளவுக்கு நகர்ந்திருக்கிறது. இன்று பிஎஸ் 6 வாங்குபவருக்கு இது நல்ல திசை.

தமிழ்நாட்டில் இந்த 10 வருஷ விதி இல்லை. பதிவு 15 வருஷம் செல்லும், பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். ஆனால் ராணுவம், மத்திய அரசு வேலை என்று டெல்லிக்கு மாற்றல் வரக்கூடிய குடும்பம் டீசல் வாங்கும் முன் இதை மனதில் வைக்க வேண்டும்.

மற்றது பேச்சு. 2023ல் பெட்ரோலிய அமைச்சகம் அமைத்த ஒரு ஆலோசனைக் குழு, 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் 2027க்குள் நான்கு சக்கர டீசல் வாகனங்களை நிறுத்தலாம் என்று பரிந்துரைத்தது. சென்னை, கோவை, மதுரை, திருச்சி எல்லாம் அந்த வரம்புக்குள் வரும் என்பதால் இங்கேயும் பரபரப்பானது. பரிந்துரையை ஏற்கவில்லை என்று அரசு விளக்கியது. அதே வருஷம் செப்டம்பரில், டீசல் வாகனங்களுக்குக் கூடுதலாக 10 சதவீத ஜிஎஸ்டி கேட்கப்போவதாக நிதின் கட்கரி மேடையில் சொல்ல, வாகனக் கம்பெனிப் பங்குகள் சரிந்தன. அப்படி எந்தத் திட்டமும் பரிசீலனையில் இல்லை என்று கொஞ்ச நேரத்தில் அவரே சொன்னார். எத்தனாலை டீசலில் கலக்கும் முயற்சி பலன் தரவில்லை, ஐசோபியூட்டனால் கலந்து பார்க்கிறோம் என்று 2025 செப்டம்பரில் சொன்னதும் அவர்தான். ஆக, "டீசலில் கலப்படம் இல்லை" என்ற இன்றைய நிம்மதி நிரந்தரம் என்று யாரும் எழுதித் தரவில்லை.

ஐரோப்பாவில் டீசலை வீழ்த்தியதில் அரசுத் தடையைவிட நம்பிக்கை போனதற்குப் பெரிய பங்கு உண்டு. 2015 செப்டம்பரில், சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை ஃபோக்ஸ்வேகன் பொருத்தியிருந்தது அம்பலமானது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். அந்த வருஷம் மேற்கு ஐரோப்பாவில் விற்ற புது கார்களில் பாதிக்கு மேல் டீசல். 2024ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அது 12 சதவீதம். அங்கே கைமாற்றிவிட நினைத்தவர்கள் எதிர்பார்த்த விலை கிடைக்காமல் தவித்தார்கள். இந்தியாவில் மறுவிற்பனைச் சந்தையில் இன்னும் அந்த நிலை இல்லை. டீசல் இன்னோவாவுக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், டெலிவரி நாளில் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, டிபிஎஃப்க்கு ஏற்ற, சாம்பல் குறைவாக விடும் எஞ்சின் ஆயிலின் சரியான கிரேடு. வெளி மெக்கானிக்கிடம் சாதாரண டீசல் ஆயிலை மாற்றிவிட்டால், அதன் சாம்பல் வடிகட்டியில் படிந்து எந்த ரீஜெனரேஷனிலும் எரியாது. இன்னொன்று, அந்த மாடலில் ரீஜெனரேஷன் நடப்பதை எந்த அறிகுறியால் தெரிந்துகொள்வது என்பதை விற்பனையாளரிடம் அல்ல, சர்வீஸ் அட்வைசரிடம் கேளுங்கள். விற்பனையாளர் "அதெல்லாம் ஆட்டோமேட்டிக் சார்" என்று சொல்லிவிட்டு ரிப்பன் கட்டப் போய்விடுவார்.